இருபது தோணிகள்



2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ திரைப்படத்தைப் பங்கு இளைஞர்களோடு நானும் பார்த்தேன். கதை நடந்த குணா குகை நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில் இருப்பதால் நமக்கு அது சொந்த ஊர்க் கதை. 2006ஆம் ஆண்டு சுற்றுலா வந்த கேரள இளைஞர் ஒருவர் குகைப் பள்ளத்தில் விழுந்துவிட, நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிரோடு மீட்டார். முடிவு தெரிந்திருந்தும் கயிறு மேலே வரும்வரை அரங்கில் சத்தமே இல்லை.

வீடு திரும்பும்போது புனித பிரான்சிஸ் சவேரியாரின் நினைவு வந்தது. அவரும் ஒருமுறை மீட்புப் பயணம் புறப்பட்டார். அது திரைப்படம்போல் முடியவில்லை.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் பிறந்தார். பாரிசில் புனித இஞ்ஞாசியாரின் தோழரானார். 1542 மே மாதம் கோவா வந்தவர், அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தமிழ் சரளமாக வரவில்லை. செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார்.

1544 ஜூன் மாதம் விசயநகரப் படையினரான வடுகர்கள் கன்னியாகுமரிப் பகுதி மீனவ ஊர்களைத் தாக்கினார்கள். உயிர் தப்பியவர்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் துளி இல்லை. பசியாலும் தாகத்தாலும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்த சவேரியார் இருபது தோணிகளைத் திரட்டிக்கொண்டு உதவிக்குப் புறப்பட்டார்.

ஜூன் மாதத்தில் அந்தக் கடற்கரையின் காற்று எப்படி இருக்கும் என்பதை அங்குள்ள மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். துடுப்புப் போட்டும் முடியவில்லை, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. எட்டு நாள் கடலில் போராடிவிட்டு மணப்பாட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பாறையில் காத்திருந்தவர்களுக்கு அந்த எட்டு நாள் என்னவாக இருந்திருக்கும்!

சவேரியார் அத்தோடு விட்டுவிடவில்லை. பிறகு தரைவழியே கன்னியாகுமரிக்குப் போனார். உண்ண ஏதுமின்றி இருந்தவர்களையும், நடக்க முடியாமல் தங்கிவிட்ட முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் கண்டார். சிலர் ஏற்கனவே இறந்திருந்தார்கள். ஏழைகளை மணப்பாட்டுக்கு வரச் சொன்னார். ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் வழியாக அவர்களுக்கு உதவி திரட்டினார். புனிதர்களின் வரலாற்றை எழுதும்போது புதுமைகளை நீட்டி எழுதுவது நமது வழக்கம். எனக்கோ இந்தத் தோல்வியும், அதற்குப் பிறகு அவர் நடந்த நடையும்தான் பெரிதாகத் தெரிகின்றன. எல்லாரையும் காப்பாற்ற முடியாமல் போன ஒரு குருவாக அவர் அந்தக் கரையில் நின்றார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர் மக்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1545ஆம் ஆண்டு மலாக்கா, 1549ஆம் ஆண்டு ஜப்பான் என்று பயணம் நீண்டது. கடைசியாகச் சீனாவுக்குள் செல்ல விரும்பி சான்சியான் தீவில் இறங்கினார். தம்மை இரகசியமாகக் கான்டன் நகருக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்த சீன வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். அந்தப் படகு வரவேயில்லை. காய்ச்சலில் விழுந்து, 1552 டிசம்பர் 3ஆம் நாள் தமது 46ஆம் வயதில் அந்தக் கரையிலேயே இறந்தார். அருகில் இருந்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர்.