ஹார்மோனியத்தைத் தரையில் உட்கார வைத்தவர்: யார் இந்த துவாரகாநாத் கோஷ்?

திருவண்ணாமலை கிரிவலத்தில், ரமணாசிரமம் பக்கம் பஜனைக் குழு ஏதாவது கண்ணில் பட்டால் கவனிச்சுப் பாருங்க. தரையில் சம்மணமிட்டவர் முன்னால் ஹார்மோனியம் இருந்தால், அதன் பின்னணியில் ஒரு கொல்கத்தாக்காரர் இருக்கிறார்.

ஹார்மோனியம், சர்ச்சில் ஒலிக்கும் பைப் ஆர்கனின் சொந்தக்காரப் பெட்டி. குழாய்க்குப் பதிலாக இதில் பித்தளை ரீடுகள். 1842-ல் பாரிஸில் அலெக்சாண்டர் டெபைன் காப்புரிமை பெற்றார். ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்து வாசிக்கிற கருவி. நம்ம பாடகர்களோ தரையில் உட்காருபவர்கள்.

கொல்கத்தாவில் 1875-ல் 'துவார்கின்' இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ், இதற்கு வழி கண்டார். காலடியில் இருந்த துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுவந்தார். இடது கை காற்றடிக்கும், வலது கை வாசிக்கும். அவ்வளவுதான்! பெட்டி சின்னதானது, விலை குறைந்தது, நாடக மேடை முதல் பஜனை மடம் வரை போனது.

1928-ல் அவர் மறைந்தார். 12 ஆண்டுகள் கழித்து, கமகத்துக்கு ஒத்துவராத அந்நியக் கருவி என்று அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய அத்தனை வருஷமும் பஜனைகளில் அந்தப் பெட்டி ஓயவே இல்லை.