தழும்பை அறிந்த விரல்கள்

பதினேழாம் வயதில் என் வயிற்றின் நடுவே நீண்டதொரு தழும்பு விழுந்தது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிய நிலையில் அவசரமாகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை அது. உயிர் பிழைத்தேன். தையல் பிரித்த அன்றே சிகிச்சை முடிந்ததென்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால், மாதங்கள் கடந்தும் என்னால் நிமிர்ந்து நிற்க இயலவில்லை. தழும்பு உள்ளிருந்து இழுத்துப் பிடித்தது, நடை கூனியது. இயன்முறை மருத்துவர் ஒருவர் அந்தத் தழும்பின் மீது விரல் வைத்துச் சிறிது சிறிதாக அதை இளக்கிய பிறகே நான் நிமிர்ந்தேன். அந்த விரல்கள் செய்த வேலையையே நானும் செய்வதென்று முடிவு செய்து அப்படிப்பில் சேர்ந்தேன்.

கல்லூரியில் பாடநூலைப் புரட்டியபோது எலிசபெத் டிக்கே என்ற ஜெர்மானியப் பெண்மணியின் பெயரைக் கண்டேன். நம் நாட்டில் பொதுமக்கள் அதிகம் அறியாத பெயர். எங்கள் துறையில் உலகெங்கும் அறிந்த பெயர். தன் உடல் பட்ட துன்பத்திலிருந்து ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியவர் அவர்.

1884-இல் பிறந்த டிக்கே, நோயாளிகளின் உடலை நீவிக் குணப்படுத்தும் பயிற்சியும் தொழிலும் பெற்றிருந்தவர். 1929-இல், தம் 45-ஆம் வயதையொட்டி, அவரே நோயாளியானார். வலது காலின் தமனிகள் அழற்சியால் அடைபட்டு, இரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. கால் பனிபோல் குளிர்ந்து வெளிறியது. பாதத்தில் நாடித் துடிப்பு தென்படவில்லை. விரல்கள் அழுகிவிடும் ஆபத்து நெருங்கியது. வேறு வழியில்லையெனில் காலை அகற்றிவிடுவதே உயிரைக் காக்கும் என்று மருத்துவர்கள் கருதினர். பிறரை நடக்கவைத்துப் பிழைத்தவருக்கு இதைவிடக் கொடிய செய்தி வேறென்ன இருக்க முடியும்?

மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் முதுகின் அடிப்பகுதியிலும் கடுமையான வலி தோன்றியது. அந்த வலியைத் தணிக்கவே அவர் தம் கையைப் பின்னால் கொண்டுசென்று தடவிப் பார்த்தார். இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டிய பகுதி தடித்து, இறுகி, விரலுக்கு இசைந்து கொடுக்காமல் இருந்தது. தோலை விரல் நுனியால் மெல்ல இழுத்து நீவினார். முதலில் தாங்க முடியாத வலி. பின்னர் இறுக்கம் தளர்ந்து வெதுவெதுப்புப் பரவியது. தொடர்ந்து நீவியபோது, எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மரத்துக் கிடந்த காலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், இடையிடையே வெப்ப அலைகளும் இறங்கின. தொட்டது முதுகை, விடை சொன்னது கால்.

பிறகு தொடையின் பக்கவாட்டையும் நீவினார். உடன் பணியாற்றிய ஒருவரின் கைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு அச்சிகிச்சையைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 3 மாதங்களில் கடுமையான அறிகுறிகள் தணிந்தன. ஓராண்டுக்குள் அதே கால்களால் நடந்து தம் பணிக்குத் திரும்பினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், அது ஓர் அதிசயச் செய்தியாக மட்டுமே எஞ்சியிருக்கும். டிக்கேயை நான் மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்தவற்றுக்காகவே. தமக்கு நேர்ந்தது தமக்கு மட்டுமே நேர்ந்ததா என்று அவர் ஐயுற்றார். ஆண்டுக்கணக்கில் நோயாளிகளின் முதுகைத் தொட்டு, எந்த நோயில் எந்த இடம் இறுகுகிறது என்று கவனித்துக் குறித்தார். உள்ளுறுப்பு நோயுறும்போது தோலின் குறிப்பிட்ட பகுதிகளில் கூச்சமும் வலியும் தோன்றுவதை ஹென்றி ஹெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்திருந்தார். டிக்கேயின் விரல்கள் கண்டவை அந்த விவரிப்போடு பொருந்திவந்தன.

1938-இல் அவர் தம் முறையை ஃபிரைபர்க் நகருக்குக் கொண்டுசென்று, மருத்துவர்களின் கண்காணிப்பில் சோதனைக்கு உட்படுத்தினார். அங்கு ஹெடே லொய்பே என்ற இயன்முறை வல்லுநர் அவரோடு இணைந்தார். இருவரும் எழுதிய நூல் 1942-இல், உலகப் போரின் நடுவே வெளிவந்தது. தோலையும் தசையையும் உறுப்புகளையும் பிணைத்துத் தாங்கும் இணைப்புத் திசுவை, எண்ணெயின்றி, விரல் நுனிகளால் இழுத்து நீவும் அம்முறை ஜெர்மனியைத் தாண்டியும் பரவியது. 1952-இல் டிக்கே மறைந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது தவறாகும். கால் குளிர்ந்து, நிறம் மாறி, துடிப்பு மறைந்தால் நாட வேண்டியது இரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவரையே, நீவுபவரை அல்ல. ஒருவர் குணமானது மற்றவருக்குச் சான்றாகாது. டிக்கேயின் முறைக்கு இன்றைய ஆய்வுலகம் கேட்கும் அளவுக்கு வலுவான சான்றுகள் இன்னும் திரளவில்லை. நோயிலிருந்து மீண்டவர் சிகிச்சையாளராகும்போது அவருக்கு ஒரு வரமும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வாய்க்கின்றன. வலியை உள்ளிருந்து அறிந்திருப்பது வரம். தனக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று நம்பிவிடுவது ஆபத்து. தம் உடல் கண்டதைப் பிறர் சோதிக்கக் கொடுத்ததன் மூலம் டிக்கே அந்த ஆபத்தைக் கடக்க முயன்றார்.

என்னிடம் வரும் தழும்புகளில் பெரும்பாலானவை தாய்மார்களுடையவை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சை வழியே நடந்தவை. குழந்தை பள்ளி செல்லும் வயது வந்த பின்னும் தம் தழும்பை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கத் துணியாத பெண்களைக் கண்டிருக்கிறேன். குனிந்தால் இழுக்கிறது, நிமிர்ந்தால் வலிக்கிறது என்பார்கள். அதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க ஆளில்லாததே காரணம்.

காயம் முழுவதும் ஆறிய பின், மருத்துவரின் ஒப்புதலோடு, தழும்பை எப்போது, எப்படித் தொடலாம், எப்போது இயன்முறை மருத்துவரை அணுகலாம் என்ற நான்கு வரிகளை மருத்துவமனைகள் தாம் தரும் வெளியேற்றக் குறிப்பில் சேர்த்தால் போதும். பெருஞ்செலவு ஏதுமில்லை. தையல் பிரித்த நாளோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை என் வயிற்றுத் தழும்பு எனக்குச் சொன்னது. மற்றவர்களுக்கு அதை மருத்துவமனையே சொல்லட்டும்.