லாகூரில் பிறந்ததால் கியூவில் தப்பித்திருப்பார்! மயிலாப்பூர் சந்திரசேகரும் அமெரிக்காவின் 'பிறந்த ஊர்' கணக்கும்

சாந்தோம் பேராலயத்தில் இருந்து கடற்கரைப் பக்கமாக வடக்கே நடந்தால் லைட் ஹவுஸ் வரும். அதைத் தாண்டி, காந்தி சிலைக்கு எதிரே இடது பக்கம் திரும்பினால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. அந்தக் காலத்தில் இதற்குப் பேர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. அந்த ரோட்டில் இருந்த சந்திர விலாஸ் என்ற வீட்டில் இருந்து 1930-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய 19 வயசுப் பையன்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர்.

அவர் போட்ட நட்சத்திரக் கணக்கைப் பற்றி பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். நாம பார்க்கப்போவது வேறு கணக்கு. அவ்வளவு பெரிய அறிவாளியை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் எந்த வாசல் வழியாக உள்ளே விட்டது, எத்தனை வருஷம் திண்ணையிலேயே உட்கார வைத்தது என்ற கணக்கு.

இப்போ எதற்கு இந்தப் பழைய கதை? சாந்தோம், மந்தைவெளி, அடையாறு பக்கம் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டில் நுழைந்து பாருங்கள். ஒரு மாடிக்கு ஒரு வீடாவது அமெரிக்காவில் பிள்ளையை வைத்துக்கொண்டு கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அமெரிக்க விசா புல்லட்டினை மாசா மாசம் பகிர ஒரு மாமா இருக்கிறார். பால் கணக்கு மாதிரி தவறாமல் வரும். தேதி நகர்ந்ததா, இல்லையா, பின்னாடி போய்விட்டதா என்று அதன்கீழே ஒரு சின்னப் பட்டிமன்றமே நடக்கும்.

லாகூர் டு மெட்ராஸ்

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19-ல், லாகூரில். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்பா சுப்பிரமணிய ஐயர் அரசாங்கத்தில் தணிக்கைத் துறை அதிகாரி. வேலை அங்கே என்பதால் குழந்தை அங்கே பிறந்தது, அவ்வளவுதான். 1918-ல் குடும்பம் மெட்ராஸுக்கு வந்துவிட்டது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரி. சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

கல்லூரியில் படிக்கும்போதே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவருடைய கட்டுரை வெளியாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் போக உதவித்தொகையும் கிடைத்தது. ஆனா அந்த நேரம் அம்மாவுக்குக் கடுமையான உடல்நலக் குறைவு. போகாதே என்று சொந்தக்காரர்கள் சொல்ல, போய்த்தான் ஆகணும் என்று சொன்னது அம்மாதான். 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் சந்திரசேகர் வரம்பு: ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அடுத்த வருஷம் மே மாசம் அம்மா இறந்துபோனார். மகனால் வர முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தது 1936-ல்தான்.

இடையில் 1935-ல் லண்டனில் எடிங்டன் என்ற பெரிய வானியலாளர் எல்லோர் முன்னாலும் அவருடைய கணக்கைக் கேலி செய்தது தனிக்கதை. அதுக்கப்புறம் இங்கிலாந்தில் நிலையான வேலைக்கு வாய்ப்பு குறைவு என்று சந்திரசேகருக்குப் புரிந்துவிட்டது. ஊரிலும் தோதான இடம் அமையவில்லை. அப்போதுதான் அமெரிக்காவில் இருந்து அழைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தை நடத்திய ஓட்டோ ஸ்ட்ரூவ அவரைக் கூப்பிட்டார். 1936 செப்டம்பரில் லலிதாவுடன் கல்யாணம். லலிதாவும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சகோதரி சுப்பலட்சுமிக்கு உடன்பிறந்தவள் மகள். 1937 ஜனவரியில் சந்திரசேகர் யெர்க்ஸில் வேலையில் சேர்ந்தார்.

இந்தியர்களுக்குக் கதவு மூடியிருந்தது, அப்புறம் எப்படிப் போனார்?

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. 1917-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வரைபடத்தில் கோடு கிழித்து, இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலம் ஆக்கியது. அங்கே பிறந்த கூலித் தொழிலாளிகள் உள்ளே வரக்கூடாது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் இன்னொரு அடி. இந்தியர்கள் சட்டப்படி வெள்ளையர் ஆக மாட்டார்கள், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருஷமே, 1924-ல், குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் குடியேறவே முடியாது என்று சட்டம் வந்தது.

ஆனா இந்தச் சட்டங்களில் எல்லாம் ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. 1917 சட்டத்தின் தடை டாக்டர், ஆசிரியர், மாணவர், சிவில் இன்ஜினியர், வேதியியலாளர், எழுத்தாளர், வணிகர் போன்றவர்களுக்குப் பொருந்தாது. 1924 சட்டத்திலும் மாணவருக்கும், ஏற்கனவே இரண்டு வருஷம் அந்தத் தொழிலில் இருந்த கல்லூரிப் பேராசிரியருக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேராத தனி வழி இருந்தது. அதாவது வயலில் வேலை செய்ய வருகிற பஞ்சாபி விவசாயிக்குக் கதவு மூடல், பல்கலைக்கழக அழைப்போடு வருகிறவருக்கு மட்டும் இடுக்கு வழி. திறமைக்கு மரியாதை என்று இதைச் சொல்லலாம். எனக்கு என்னவோ, வேலை வாங்கிக்கொள்ளலாம், ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்ற மனசு மாதிரித்தான் தெரிகிறது. ஏன்னா உள்ளே வந்தவருக்கும் குடியுரிமை கிடையாது.

உள்ளே வந்த பிறகும் சுலபம் இல்லை. 1938-ல் சிகாகோ வளாகத்தில் சந்திரசேகர் வகுப்பெடுக்க ஏற்பாடானபோது, டீன் ஹென்றி கேல் எதிர்ப்புத் தெரிவித்தார். காரணம் தோலின் நிறம். விஷயம் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் வரை போனது. சந்திரசேகர் பாடம் எடுப்பார் என்று ஹட்சின்ஸ் முடித்துவைத்தார். பின்னால் 1946-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் பெரிய சம்பளத்தோடு கூப்பிட்டபோதும், அதே சம்பளம் தந்து அவரைப் பிடித்து வைத்ததும் இதே ஹட்சின்ஸ்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மேரிலாந்தில் உள்ள அபர்டீன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் குண்டுகளின் பாதை, வெடிப்பு அலைகள் பற்றி சந்திரசேகர் கணக்குப் போட்டார். சில வாரம் அங்கே, சில வாரம் யெர்க்ஸில் என்று ரயிலில் அலைச்சல். ஒரு நாட்டின் ராணுவத்துக்கே வேலை செய்கிறார், ஆனா அந்த நாட்டின் குடிமகனாக விண்ணப்பம் போடக்கூட அவருக்குச் சட்டத்தில் இடம் இல்லை!

வருஷத்துக்கு வெறும் 100 பேர்

இதை மாற்ற ஒரு கூட்டம் பல வருஷம் போராடியது. நியூயார்க்கில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜே.ஜே. சிங் என்பவர் இந்தியா லீக் ஆஃப் அமெரிக்கா அமைப்பை வைத்து, எம்.பி.க்கள் பின்னாடியே அலைந்தார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர் இருவரும் மசோதாவை எடுத்துக்கொண்டார்கள். 1946 ஜூலை 2-ல் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம். குடியேற்றத்துக்கு ஒதுக்கீடு? முழு இந்தியாவுக்கும் வருஷத்துக்கு 100 பேர்! இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி.

எல்லோருக்கும் இது பயன்படவில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1923-ல் பாஸ்டன் போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், எத்தனையோ மருந்துகளுக்கு வழி காட்டியவர், 1948-ல் அமெரிக்கக் குடிமகன் ஆகாமலேயே இறந்துபோனார்.

1952-ல் வந்த மெக்கரன்-வால்டர் சட்டம்தான் திறமை அடிப்படையிலான குடியேற்றத்தின் முதல் வடிவம் என்று சொல்லலாம். ஒவ்வொரு நாட்டு ஒதுக்கீட்டிலும் பாதி, அமெரிக்காவுக்கு அவசரமாகத் தேவைப்படும் திறமைசாலிகளுக்கு. அப்போ இந்தியாவின் 100-ல் 50. இன்றைய எச்-1பி விசாவுக்கு மூதாதையான எச்-1 பிறந்ததும் இதே சட்டத்தில்தான். இனப் பாகுபாடு இதில் தொடர்கிறது என்று ட்ரூமன் நிராகரித்தும், நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

1953-ல் சந்திரசேகரும் லலிதாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். போய்ச் சேர்ந்து 16 வருஷத்துக்கு அப்புறம். என்றைக்காவது மகன் திரும்பி வருவான் என்று நம்பியிருந்த அப்பாவுக்கு இது பெரிய வருத்தம். சட்டம் ஒருவழியாகக் கதவைத் திறந்தது, மெட்ராஸ் வீட்டில் அதுவே ஒரு கதவு சாத்தின மாதிரி ஆனது. இன்றைக்கும் பாஸ்போர்ட் மாறும் நாளில் சாந்தோம் வீடுகளில் ஒரு பெரியவர் பேசாமல் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதுக்கப்புறம் அவர் வாழ்க்கை நேர்கோடு. சுமார் 20 வருஷம் ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் ஆசிரியர். 1983-ல் அவருடைய 73-வது பிறந்தநாள் அன்றே நோபல் அறிவிப்பு. 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் மரணம். 1999-ல் விண்ணுக்குப் போன எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு சந்திரா என்று பேர் வைத்தார்கள். லலிதா 2013 வரை, 100 வயசைத் தாண்டி இருந்தார்.

இன்றைய சட்டத்தில் அவர் எங்கே நிற்பார்?

1965-ல் ஹார்ட்-செல்லர் சட்டம் வந்தது. ஆமா, 1946-ல் பார்த்த அதே செல்லர். இன ஒதுக்கீடு ஒழிந்தது, ஆசிய இன்ஜினியர்களும் டாக்டர்களும் பெருமளவில் போக ஆரம்பித்தார்கள். மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் அமெரிக்க மாப்பிள்ளை என்ற வார்த்தை புழங்கத் தொடங்கியது இதுக்குப் பின்னால்தான். 1990 சட்டம் இன்றைய அமைப்பைக் கொண்டுவந்தது. வேலை அடிப்படையில் வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு, மனைவி, கணவர், பிள்ளைகளையும் சேர்த்து. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம்தான், அதாவது சுமார் 9,800. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்டது ஏதாவது இருந்தால் கொஞ்சம் கூடும். ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. அதனால்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் விண்ணப்பித்த இந்திய இன்ஜினியர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயசு ஆகிவிட்டால், அந்த விண்ணப்பத்தில் இருந்து பிள்ளை வெளியே. வேறு விசா தேட வேண்டியதுதான்.

இப்போ அந்த லாகூர் தகவலுக்கு வருவோம். இந்தச் சட்டம் பார்ப்பது நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அல்ல, எங்கே பிறந்தீர்கள் என்பதை. அதுவும் இன்றைய எல்லைப்படி. அப்படிப் பார்த்தால் சந்திரசேகர் பாகிஸ்தான் கணக்கு! அந்த வரிசையில் இந்தியர்களுக்கு இருக்கும் தேக்கம் கிடையாது. கணவர் பிறந்த நாட்டின் கணக்கிலேயே மனைவியும் சேரலாம் என்று விதி இருப்பதால் லலிதாவும் கூடவே போயிருப்பார். அதே வீட்டில் வளர்ந்து, அதே கல்லூரியில் படித்து, ஆனா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பிறந்த ஒருவர்? இந்திய வரிசையின் வாலில். நோபல் அளவுக்கு உள்ளவர்களுக்கு அசாதாரணத் திறமை என்ற தனிப் பிரிவு உண்டுதான். ஆனா அதிலும் அதே 7 சதவீதம்.

மாற்ற முயற்சியே நடக்கவில்லையா?

நடந்தது. உயர்திறன் குடியேறிகளுக்கான நியாய மசோதா 2011 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 389-15 என்ற கணக்கில் ஜெயித்தது. செனட்டில் சிக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் மறுபடியும் 365-65. இந்த முறை செனட்டும் 2020 டிசம்பரில் சில மாற்றங்களோடு நிறைவேற்றியது. இரண்டு சபைகளும் ஒரே வடிவத்துக்கு வருவதற்குள் அந்த நாடாளுமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. மசோதா காலாவதி.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், பல வருஷத்துக்கு இந்தியர்களுக்கே பெரும்பகுதி போகும், பிலிப்பைன்ஸ் நர்ஸ் மாதிரியானவர்கள் பின்னுக்குப் போவார்கள் என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் பிரச்னை 7-ல் மட்டும் இல்லை, 1990-ல் இருந்து மாறாத அந்த 1,40,000-லும் இருக்கிறது. ஆனா அதைக் கூட்டும் மசோதாவுக்கு ஓட்டு கிடைப்பது இன்னும் கஷ்டம்.

2022 டிசம்பரில் ஈகிள் மசோதா என்ற பெயரில் மீண்டும் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. போதிய ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் ஓட்டெடுப்புக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஆணை போட்டார். அது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை, அதிபரின் உத்தரவு. கிரீன் கார்டு வரிசைக்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. வரிசையைத் தீர்மானிக்கும் 1990 சட்டத்தின் 7 சதவீதம் மட்டும் இன்னும் மாறவில்லை.