நடிகவேள் எம். ஆர். இராதா

திருவரங்கம் பெரிய கோவிலில், தாயார் சந்நிதிக்கு அணித்தே, மேட்டழகிய சிங்கர் சந்நிதியை நோக்கியவாறு ஒரு மண்டபம் உளது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றிய இடம் அதுவென்பர். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையை இடையிற் புகுத்தலாகாதென்று புலவர் சிலர் தடுத்தனரென்றும், எதிரே மேட்டின்மீதிருந்த நரசிங்கப்பெருமானே தலையசைத்து உடன்பட்டமையால் அவர் வாயடங்கினரென்றும் செவிவழிக் கதை கூறும். ஆகவே, கலைஞன் எவ்வளவு தூரம் செல்லலாம், அதனை வரையறுப்பார் யாவர் என்னும் வினா நம் நகர்க்குப் புதிதன்று. காவிரிக்கு இக்கரையில், திருச்சிராப்பள்ளிச் சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்து மறைந்த நடிகவேள் எம். ஆர். இராதாவின் வரலாறும் அவ்வினாவின்கண்ணே சென்று முட்டுவது. ஆனால் அவர்பொருட்டுத் தலையசைக்கச் சிங்கப்பெருமான் வரவில்லை. சட்டசபைதான் எதிரே வந்தது.

மதராஸ் இராஜகோபால் இராதாகிருஷ்ணன் என்பது அவர் முழுப்பெயர். 1907-ஆம் ஆண்டில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிற் பிறந்தார். தந்தையார் பட்டாளத்திற் சேவித்து முதல் உலகப் போரில் மாண்டார். சிறுவர் ஒருநாள் உண்ணும்பொழுது மீன்துண்டு ஒன்று கூடுதலாகக் கேட்டார், தாயார் மறுத்தார், அச்சினத்தால் வீட்டை விட்டு ஓடினார். இது பலரும் அறிந்த செய்தி. ஒரு மீன்துண்டின் பொருட்டுத் தமிழ் மேடைக்கு ஒரு நடிகர் கிடைத்தார்! அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் இவ்வாறு வீடிழந்த சிறுவர்க்குச் சோறும் படுக்கையும் தந்து, பாட்டும் வசனமும் பயிற்றிவந்தன. பள்ளிக்கல்வி வாய்க்கப்பெறாத இராதாவுக்கு நாடகக் கொட்டகையே கல்லூரியாயிற்று.

1937-ஆம் ஆண்டில் வெளிவந்த இராஜசேகரன் அவருடைய முதற்படம். வேறு சில படங்களிலும் தோன்றியபின், அத்தொழிலை விட்டு மேடைக்கே மீண்டார். பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதைக் கொள்கை அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அன்று முதல் அவர் நாடகங்களுட் பல சாதி, சாத்திரம், விதவைக் கொடுமை, செல்வர் போலித்தனம் ஆகியவற்றைச் சாடும் படைக்கலங்களாயின. ஒரே வாக்கியத்துள் குரலைக் கீழிறக்கிக் கரகரத்தும், உடனே மேலேற்றிக் கீச்சிட்டும் பேசும் அவர் முறை பிறர்க்குக் கைவரவில்லை. போலி செய்தார் பலர்.

திருவாரூர் தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர் நாடகம் ஊர்தோறும் நடிக்கப்பெற்றுப் புகழ் எய்தியபின், 1954-ஆம் ஆண்டில் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் அதனைப் படமாக்கினார். கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்கினர். கடல்கடந்து கற்றுவந்த செல்வன் மோகனசுந்தரம் தாயை இகழ்கின்றான், உதைக்கின்றான், மனைவியைத் துறந்து காந்தா என்னும் கணிகையிடம் பொருளெல்லாம் இழக்கின்றான், குஷ்டநோய் பற்றிக் கண்ணொளியும் இழந்து, தெருவில் இரந்து திரிகின்றான். ஈற்றில், தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணம்முடித்து வைக்கின்றான். 1954-இல் இம்முடிவைத் தமிழர் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

அப்படத்தை யான் கண்டபொழுது என்னை வருத்தியது அம்முடிவன்று. அழுகிய முகத்தோடு அவன் தள்ளாடி வருகின்றான், கொட்டகை நகைக்கின்றது, யானும் நகைத்தேன். இளிவரல் என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களுள் பிணியையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். நகைக்கு எள்ளலைக் களனாக்கினார். இவ்விரண்டையும் ஒரே முகத்தில் ஒரே கணத்தில் காட்டும் ஆற்றல் இராதாவினுடையது. அருவருப்பு அடங்குமுன் நகை பிறக்கின்றது. நகை அடங்குமுன் நெஞ்சம் கூசுகின்றது. நடிப்பின் உச்சம் இதுவென்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் அந்நோய் கதையில் ஒழுக்கக்கேட்டின் தண்டனையாக வருகின்றது. உண்மை அஃதன்று. நார்வே நாட்டு ஹான்சன் என்னும் மருத்துவர் 1873-ஆம் ஆண்டிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். படம் வெளிவருமுன்னரே சல்போன் மருந்துகள் வழக்கிற்கு வந்துவிட்டன. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். நோயாளர் விரல்கள் தாமே அழுகி உதிர்வனவல்ல. வலியுணர்ச்சி அற்றமையால் காயமும் சூடும் அறியப்படாது சிதைவன என்று காட்டியவரும் அவரே. மூடநம்பிக்கையைச் சாடப் புறப்பட்ட நாடகம், பாவத்தின் கூலியே குஷ்டம் என்னும் பழைய நம்பிக்கையைத் தன் தோளிற் சுமந்து சென்றது. குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கிய வரலாற்றை இளமை முதற் கேட்டு வளர்ந்த எனக்கு இது பொறுக்கக்கூடியதாக இல்லை.

நிற்க. தணிக்கையாளர் இப்படத்தைத் திரையிட இசைந்தனர். அரசாங்கத்தின் சினம் வேறோரிடத்தில் விழுந்தது. இராதா இராமாயணத்தை எள்ளி நாடகமாக நடித்தார். அன்பர் மனம் புண்பட்டது, எதிர்ப்பு மூண்டது. மனம் புண்படுமென்று அஞ்சுவோர் வரவேண்டா, அவர் பணமும் வேண்டா என்று இராதா விளம்பரமே செய்தார். நாடகங்களை அடக்க ஆங்கிலேயர் 1876-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்திருந்தனர். சுதந்தரம் பெற்ற பின்னர், 1954-ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கம் தானே ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. இராதா தடையை மீறினார், சிறைபுகுந்தார்.

அவ்விராமாயணம் எனக்கு உவப்பானதன்று. பிறர் வணங்குவதை இகழ்தலில் வீரமொன்றும் இல்லை. எனினும், புண்படுவேனென்ற அன்பன் அக்கொட்டகைக்குள் போகாதிருக்கலாம். கோவில் வாயிலில் தகரக்குவளையுடன் அமர்ந்திருந்த நோயாளனுக்கு அந்த வழி இல்லை. அவன் இரத்தக்கண்ணீரைப் பார்த்தவனல்லன்; பார்த்துவிட்டுத் திரும்பியவர் கண்களே அவன்மீது விழுந்தன. அவன் மனம் புண்படுமென்று எவரும் மசோதாக் கொணர்ந்ததில்லை. கலைக்கு எல்லை வகுக்கப் புகுவார் முதலில் எண்ணவேண்டியது இவனையே என்பது என் துணிபு.

பிற்காலத்து நிகழ்ச்சி நாடறிந்தது. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், இராமாவரம் இல்லத்தில் எம். ஜி. இராமச்சந்திரனை இராதா துப்பாக்கியாற் சுட்டார். இருவரும் குண்டுக் காயமுற்றுப் பிழைத்தனர். இராமச்சந்திரனின் குரல் பின்பு பழைய நிலை எய்தவில்லை. மேடையில் எதனையும் செய்யத் துணிந்தவர் மேடைக்கு வெளியிலும் துணிந்ததை எந்த நியாயத்தாலும் காக்க இயலாது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து மீண்டு மறுபடியும் நடித்தார். 1979-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், மஞ்சட்காமாலையால் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்தார்.

1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று, நாடக ஆசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பொழுது இராதா மறைந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன.