பற்சக்கரம் சுமந்த கார்

கோவையில் என் தந்தையார் லேத்துப் பட்டறையில் பற்சக்கரம் வெட்டுகிறவர். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பௌதிகம் படிக்கிறேன். பட்டறையை விட்டு ஓடி வந்துவிட்டோமோ என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால்தானோ என்னவோ, சர் டேவிட் பிரவுனின் வாழ்க்கை என் உள்ளத்தைத் தொட்டது.

அவர் 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டு நகரில் பிறந்தார். பாட்டனார் 1860இல் தொடங்கிய தொழில், பற்சக்கரம் செய்யும் பெரிய நிறுவனமாக வளர்ந்திருந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளையாயினும், தொழில் பழகுபவராகவே உள்ளே நுழைந்தார். முப்பது வயதுக்குள் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். 1936இல் ஹாரி பெர்குசனோடு கூடி டிராக்டர் செய்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர்; 1939இல் தம் பெயரிலேயே டிராக்டரை வெளியிட்டார்.

செய்தித்தாளில் வந்த ஒரு சிறு விளம்பரம் அவர் வாழ்வைத் திருப்பியது. 1947இல் 20,500 பவுன் கொடுத்து ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தை வாங்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளே டி.பி. என்று கார்களின் பெயராயின. 1959இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் கார் முதலிடம் பெற்றது.

1963இல் டி.பி.5 வந்தது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அவருடைய வேட்டை நாய்க்கும் சாமான்களுக்கும் அதில் இடம் போதவில்லை! தம் தொழிற்சாலையாரைக் கொண்டே, கூரையைப் பின்புறம் வரை நீட்டிய வண்டி ஒன்றைச் செய்வித்தார். ‘ஷூட்டிங் பிரேக்’ என்பது அவ்வகை வண்டியின் பெயர். கண்டவர்களும் அதுபோல் வேண்டும் என்றனர். தொழிற்சாலைக்கோ கைநிறைய வேலை. எனவே ஹாரல்ட் ராட்போர்டு என்ற வண்டிக்கூடு கட்டும் நிறுவனம் அப்பணியை ஏற்றது. செய்து முடித்த காரின் கூரையை அறுத்து, அலுமினியத் தகட்டால் புதுக்கூரை வேய்ந்து, பின்னால் ஒரு கதவும் வைத்தனர். அங்கே உருவான டி.பி.5 வண்டிகள் 12 மட்டுமே. இன்று அவை கிடைத்தற்கரியவை.

புகழ் வந்தது, 1968இல் சர் பட்டமும் வந்தது. இலாபம் மட்டும் வரவில்லை. பற்சக்கரமும் டிராக்டரும் ஈட்டியதைக் கார் விழுங்கியது. 1972இல் ஆஸ்டன் மார்ட்டினை விற்றார். டிராக்டர்த் தொழிலும் அவ்வாண்டே கைமாறிற்று. 1993இல் மறைந்தார்.

நண்பர்களே, உலகம் வியந்த காரைச் சுமந்து நின்றது பற்சக்கரம். அதை வெட்டிய கைகள் என் தந்தையின் கைகளைப் போன்றவை. நான் பட்டறையை விட்டு வந்தவன் அல்லன். அது சுமக்க, அதன்மேல் அமர்ந்து படிக்கிறவன். இம்மாதக் கடிதத்தில் இதை அப்பாவுக்கு எழுதப் போகிறேன்.