கைத்தொழில் மேதை ஜி. டி. நாயுடு

வலியசாலையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், அரசுப் பணிக்குரிய பட்டமே கல்வியின் பயன் என்று கருதுவது நெடுநாளைய வழக்கம். கையால் கற்பதும் கல்வியே என்று வாழ்ந்து காட்டிய பெருமகனார் கோவை ஜி. டி. நாயுடு. அன்னாரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தபோது, மாடோ குதிரையோ இன்றி ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. கோவை சென்று உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்தார். அந்த ரட்ஜ் வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். கழற்றுவது எளிது, பூட்டுவதே அருமை. உருளைக்குள் பிஸ்டன் செவ்வனே பொருந்தாவிடில் வாயு கசிந்து வலிமை குன்றும். வால்வு தன் இருக்கையில் படிந்து அமராவிடில் எஞ்சின் கிளம்பாது. தேய்ந்த உருளையைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்தினால் பழைய எஞ்சினும் புத்துயிர் பெறும். இந்நுட்பங்கள் கைபட்டுப் பழகினாலன்றி வாரா. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

நம் திருவனந்தபுரத்தில் அரசாங்கப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது 1938-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார் நாயுடு. யுனைடெட் என்றோ இம்பீரியல் என்றோ இல்லாமல், யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று அதற்குப் பெயர் அமைந்தது; நாளடைவில் அது பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் என்பாருடன் கூடி மின்மோட்டார் செய்தளித்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையத் துணைநின்றார். பொறியியலைக் குறுகிய காலத்திலேயே கற்பிக்க இயலும் என்பது அவர் துணிபு. அரசு அதனை ஏற்கவில்லை.

1952-இல் இருவர் அமரும் சிறு காரொன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் தரத்தக்கதாக உருவாக்கினார். அதற்கும் அரசின் உரிமம் கிட்டவில்லை. எளியோர் வாங்கத்தக்க வண்டியொன்று தெருவுக்கு வாராமலே போயிற்று. ஆயினும் அவர் ஓயவில்லை. 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயர் விளங்கும் பழங்கார்க் காட்சியகம் ஒன்று இன்று கோவையில் உள்ளது.

விடுமுறையில் கோவை செல்லும் குடும்பத்தார் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்க. வீட்டில் பழைய மிதிவண்டியையோ மின்விசிறியையோ கழற்றி, எண்ணெய்க் கறையோடு நிற்கும் சிறுவனைக் கடியாது, அதனைத் திரும்பப் பூட்டச் சொல்லி அருகிருந்து ஊக்குவிக்குமாறு பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம்.