தமிழில் வைத்தியங் கற்பித்த கிறீன்

ஏட்டுக் கல்வியும் கைப்பழக்கமும் ஒருங்கே அமையாவிடின் எவ்வைத்தியமும் சிறவாது. பிரசவ வைத்தியத்திலோ பிழை நேரின் இடர்ப்படுவன இரண்டு உயிர்கள். அத்தகைய அருங்கலையைத் தமிழ் மாணாக்கர் தம் மொழியிலே பயில வழிவகுத்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர்.

அன்னார் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியங் கற்றுத் தேறி, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மதப்பணிக்கென அனுப்பப்பட்டவரேனும், மானிப்பாயில் நோயாளருக்கு மருந்தளித்தலும் மாணாக்கருக்கு வைத்தியம் பயிற்றலுமே அவர்தம் நாட்பணியாயின. பாடங் கேட்ட மாணாக்கர் ஆங்கே வந்த நோயாளரிடத்துப் பழகியும் கற்றனர்.

முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. அவ்வாறு கற்றவர் பலர் உத்தியோகம் நாடிப் பிறவிடஞ் சென்றனர். கிராமத்து நோயாளர் முன்போலவே துணையின்றி நின்றனர். தம் ஊரவர் பேசும் மொழியிற் கற்றவனே தம் ஊரில் நிலைத்துத் தொண்டு செய்வான் எனக் கிறீன் துணிந்தார். 1864 முதல் தமிழிலேயே பயிற்றினார். மாணாக்கர் தம் நாட்டுடையையும் வழக்கங்களையும் கைவிடுதலையும் அவர் விரும்பினாரல்லர்.

நூலின்றிப் பாடமில்லையன்றோ? 1852இல் உடற்கூற்று நூலொன்றை அவர் தமிழில் வெளியிட்டார். டப்ளின் நகரத்து மான்செல் என்பாரின் நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது. ‘இரணவைத்தியம்’ முதலியன பின்னர்த் தோன்றின. டான்போர்த், சாப்மன் முதலிய மாணாக்கரே மொழிபெயர்ப்பிலும் துணைநின்றனர். ஆசானோடு உடனிருந்து கலைச்சொல் ஆக்கிய மாணாக்கருக்கு அப்பொருளில் ஐயம் எஞ்சியிராது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேலாவர். அவருள் முப்பத்து மூவர் தமிழிற் கற்றோர்.

குறையொன்றும் உண்டு. அம்மாணாக்கர் அனைவரும் ஆடவர். ஆடவர்முன் தம் நோயுரைக்க நாணிய பெண்டிர்க்கு அப்பயிற்சி முழுப்பயன் தரவில்லை. பெண்களுக்கெனவே இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்த பின்னரே அக்குறை தீரத் தொடங்கியது.

உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் மீண்ட கிறீன், ஆங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884இல் மறைந்தார். தமிழர்க்கு அவர் புரிந்த வைத்தியத் தொண்டு அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று நம் கல்முனைக் கரையூர்களில் மருத்துவிச்சிப் பணி பயிலும் இளம்பெண்களுக்கும் அவர் வரலாறு உரியதே. பிரசவ அறையிற் கற்பவள் ஐயுற்றவிடத்து வினாவுதல் வேண்டும். வினாவுதற்கு அவளுக்குத் தன் மொழி வேண்டும். கடியாது விடையிறுக்கும் மூத்தோரும் வேண்டும். அவள் அஞ்சி வாய்மூடி நிற்பின், அவ்வச்சத்தின் விலையை ஒரு தாயன்றோ செலுத்துவாள்? மாணாக்கரைத் தம் பணியிற் பங்காளராக்கிய கிறீனின் நெறி, கற்பிப்போர் யாவரும் கைக்கொள்ளத்தக்கது.